செண்பகம் உரித்த பழம்

காக்கிச் சட்டையைக் கழற்றி என் வீட்டுக்காரர் கொடியில் போட்டார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

அதை முதலில் கவனித்தவர் என் மாமியார்தான். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார். சில வாரங்களாக, மகன் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்ததும் மருமகள் பின்வாசலுக்கு ஓடுவதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டீசலும் வேர்வையும், நாள் முழுக்கச் சில்லறை புழங்கிய தோல்பையின் வாடையும் சேர்ந்து என் குடலைப் புரட்டிவிடும்.

அன்று மாலை நான் ஓடவில்லை. பாயில் சுருண்டு கிடந்தவள் சுவரைப் பிடித்து எழுந்து, கொடியருகே போய், அந்தச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

“என்னத்தா செய்ற?” என்றார் அத்தை, பதறிப்போய்.

“என்ன வாசம் இது?” என்று கேட்டேன். அந்த வாரத்தில் நான் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டையை வாங்கி மோந்து பார்த்தார். “வேர்வதான் அடிக்குது,” என்றார். அப்புறம் நினைவு வந்தது. “மலையில இருந்து எறங்குறப்ப ஒரு சாக்கு அவுந்து பழமெல்லாம் பஸ்ஸுக்குள்ள உருண்டுச்சு. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி மடியில போட்டுக் குடுத்தேன். மஞ்சளா, பெரிய நாரத்தை கணக்கா இருந்துச்சு. அந்த வாசமா இருக்கும்.”

“எனக்கு அது வேணும்,” என்றேன்.

என் நாத்தனார் செண்பகம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் ‘வேணும்’ என்று ஒன்றைச் சொல்லி அத்தனை நாளாகியிருந்தது.

மூக்குக்குள் புகுந்த ஊர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊர்தான் என் பிறந்த இடம். மழை பெய்தால் மண் வாசம், இல்லாவிட்டால் மாட்டுச் சாணம், தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பச்சை வாசம். என் மூக்குக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

எங்கள் வீடு இருந்த நாகல் நகருக்கு வந்ததும் திருவிழாவுக்குள் புகுந்தது போலிருந்தது. தெருவுக்குத் தெரு வாசனை மாறும். புகையிலைக் கிட்டங்கியைத் தாண்டும்போது தொண்டை கமறும். அடுத்த திருப்பத்தில் பிரியாணிக்கு மசாலா வதங்கும். பூக்கடை வரிசையில் மல்லிகை ஆளை அடிக்கும். காற்று திரும்பினால் தோல் பதனிடும் பக்கத்திலிருந்து ஒரு வீச்சம் வரும். ஊர்க்காரர்கள் அதை வீச்சமென்றே நினைப்பதில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தால், இன்னின்ன தெரு வழியாகப் போனேன் என்று மூக்கே கணக்குச் சொல்லிவிடும்.

எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

இரண்டாம் வருஷம் நாள் தள்ளிப்போனது. அதுவரை தெருவில் இருந்த ஊர் முழுவதும் என் மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போக மறுத்தது.

மசக்கை என்பது எல்லாருக்கும் வருவதுதான். புளிப்பு கேட்கும், சாம்பலைத் தின்னத் தோன்றும், காலையில் இரண்டு முறை குமட்டும். எனக்கு அப்படி வரவில்லை. சோறு கொதிக்கும் ஆவி ஆகாது. தண்ணீர்ப் பானையின் மண் வாசம் ஆகாது. செண்பகம் தலையில் வைத்த பூ ஆகாது. வெறும் தண்ணீரைக் குடித்தால் அது இறங்கிய வழியிலேயே திரும்பி வரும். எதுவும் இல்லாதபோது பச்சையாகப் பித்தம் வரும்.

அத்தை செய்யாதது இல்லை. சுக்குத் தட்டிப் போட்டார், சீரகத் தண்ணீர் வைத்தார், வேப்பிலையால் தடவி மந்திரித்துக்கொண்டு வந்தார். பொரி வறுத்துக் கொடுத்தார். ஒன்றும் தங்கவில்லை.

செண்பகமும் நானும்

செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. என்னைவிடச் சின்னவள். நான் வருவதற்கு முன் அந்த வீட்டின் முன்னறை அவளுடையது. நான் வந்தபின் அவள் பாய் அடுப்படிக்குப் போனது. அதை அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. குறை மட்டுமல்ல, எதையுமே சொன்னதில்லை. “மதினி, தண்ணி வந்துருச்சு.” “மதினி, கடைக்காரர் வந்திருக்காரு.” அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடத் துணி வரும். வெள்ளைத் துணியில் பொட்டு வரவேண்டிய இடத்தை நகத்தால் மிளகு அளவு கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கியபின் நூலைப் பிரித்தால் அந்த இடம் வெள்ளைப் பொட்டாக மலரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதற்காகவே கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் நீள விட்டிருப்பாள் செண்பகம். ரேடியோவைக் கேட்டபடி, தெருவை வேடிக்கை பார்த்தபடி, விரல் பாட்டுக்கு ஓடும்.

நான் வாந்தி எடுத்த சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவிக் கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை. பேசியும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா சொன்னது

சட்டை வாசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏற்றிய இடம் கன்றிப்போயிருந்தது. எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்றபோது நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், இறங்கச் சொல்லி மறுபடியும் ஏற்றினாள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரிடம் பேசினார். தட்டி மறைப்புதான். எல்லாம் கேட்டது.

“ஒரு வாரம் பாப்போம். இப்படியே எடை எறங்குச்சுன்னா தாயக் காப்பாத்துறதத்தான் பாக்கணும். சின்ன வயசுதான, பிள்ளைய அப்புறம் பெத்துக்கலாம்.”

என் வீட்டுக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

எனக்கு அம்மா இல்லை. என் தம்பியைப் பெறும்போது போய்விட்டாள். தம்பியும் தங்கவில்லை. அப்போது நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வயது. ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வரும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். நாலு பேர் பார்க்கும் தெருவில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

திராட்சையா இது?

அவர் சிறுமலை வண்டிக்குக் கண்டக்டர். வளைந்து வளைந்து மலை ஏறி, மேலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கும் பஸ். இறங்கும்போது ஆட்களைவிட வாழைத்தாரும் பலாவும் மூட்டையும்தான் அதிகம் இருக்கும்.

மறுநாள் மேலே போனதும் விசாரித்திருக்கிறார். அந்தச் சாக்குக்காரர், ஊறுகாய் போடுகிறவர்களுக்குக் கொடுக்கப் பழத்தைக் கொண்டுபோனவர், ஒரு காப்பித் தோட்டத்தைக் கைகாட்டினார். தோட்டத்து மேனேஜர் நெய்க்காரப்பட்டிப் பக்கத்துக்காரர். வேலியோரம் நின்ற ஒற்றை மரத்தைக் காட்டினாராம்.

“ஏனுங்க கண்டக்டரு, இத எதுக்குங்க தேடி வந்தீங்க? கசக்குதுன்னு குரங்குகூடத் தொடாதுங்க.”

“பம்பளிமாஸ் தானங்க இது?”

“இல்லீங்க. அது இன்னும் பெரிசுங்க. முன்னால இருந்த வெள்ளைக்காரரு நட்டு வச்ச மரமுங்க இது. கிரேப் ஃப்ரூட்டுன்னு பேருங்க.”

இவர் விழித்திருக்கிறார். கிரேப் என்றால் திராட்சை என்பது கண்டக்டருக்குத் தெரியும். மலை இறங்கினால் வெள்ளோடு பக்கமெல்லாம் பன்னீர்த் திராட்சைப் பந்தல்தான். “திராட்சையா? இம்புட்டுப் பெருசாவா?” என்று கேட்க, மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தாராம். மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அந்தப் பெயர் வந்ததாகப் பின்னாளில் யாரோ சொன்னார்கள். உண்மையா தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குக் கடைசி வரை ‘மலைப்பழம்’ என்றுதான் பெயர்.

விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவரே துரட்டியை எடுத்து வந்து, பழுத்ததாகப் பார்த்துப் பறித்துப் பை நிறையப் போட்டுக் கொடுத்தார்.

இறங்கி வந்தவர் நேரே டாக்டரம்மாவிடம் போய்ப் பழத்தைக் காட்டினார். அவர் மோந்து பார்த்துவிட்டு, “நாரத்தை, சாத்துக்குடி சாதிதான். தங்குனாக் குடுங்க. எது தங்குதோ அதக் குடுங்க,” என்றிருக்கிறார்.

அரிவாள்மனை

அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. “வாயும் வயிறுமா இருக்கவளுக்கு ஊரு பேரு தெரியாத பழத்தக் குடுக்கவா? சூடா குளிர்ச்சியான்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?”

“டாக்டரம்மா சொல்லிட்டாங்கம்மா.”

“அவுகளா வந்து பாக்கப் போறாக?” என்றாலும், அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தவரும் அத்தைதான். எலுமிச்சம்பழத்தை அறுப்பது போலக் குறுக்காக இரண்டாக அறுத்தார்.

உள்ளே சிவப்பு. ரத்தச் சிவப்பு இல்லை, விடிகிற நேரத்து வானம் போல ஒரு சிவப்பு. அத்தையே ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் பார்த்தார். வாசம் எழுந்து வந்தது. எனக்கு நாவூறியது. வயிறு வெறும் வேதனையாக மட்டுமே இருந்த அத்தனை நாளுக்குப் பிறகு நாவூறியது!

அவசரத்தில் அத்தை தோலோடு சேர்த்து அழுத்திப் பிழிந்தார். சர்க்கரை போட்டுக் கலக்கி டம்ளரை என் வாயில் வைத்தார். முதல் சொட்டு நாக்கில் பட்டதும் உடம்பே நிமிர்ந்தது. அடுத்த வாய் கசந்தது. வேப்பங்கொட்டையைக் கடித்த கசப்பு. நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

பின்வாசல் வரைகூடப் போக முடியவில்லை. வந்தது எல்லாம் வந்தது. கடைசியில் எச்சிலில் ரத்தக்கீற்று.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “வெசத்தக் கலக்கி என் கையாலயே குடுத்துட்டேனே!” மகனைப் பார்த்து, “தூக்கி எறிடா அம்புட்டையும்,” என்றார். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனார். எறிய மனசு வராமல் சுவரோரம் வைத்துவிட்டு, அங்கேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செண்பகம் என் வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் கேட்டாள்.

“கசப்பு எதுல இருக்கு மதினி? சாத்துலயா, தோல்லயா?”

“தெரியல,” என்றேன். “மொதச் சொட்டு நல்லாருந்துச்சு.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பின்வாசல் வெளிச்சத்தில்

மறுநாள் மதியம். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருந்தார். பின்வாசலில் வெயில் சரிந்து விழுகிற இடத்தில் செண்பகம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். முடிச்சுத் துணியை மடித்து ஓரமாக வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள்.

நான் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கத்தியால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கீறல், தோலின் ஆழம் மட்டும். பிறகு கத்தியைத் தூரத் தள்ளிவிட்டாள். விரலை நுழைத்து மஞ்சள் தோலைக் கழற்றினாள். உள்ளே பஞ்சு போல் வெள்ளை. அதையும் விடவில்லை, நகத்தால் வழித்து வழித்து எடுத்தாள். அதற்கே வெகுநேரம் ஆனது. கடைசியில் வெளுத்த உருண்டையாக ஒன்று அவள் உள்ளங்கையில் இருந்தது.

அதை மெல்லப் பிரித்தாள். ஒரு சுளையை எடுத்தாள். சுளையின் உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கிறதல்லவா, அங்கே கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். மேல்தோல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்தை மடக்கினாள். மறு பக்கத்தை மடக்கினாள். விதைகளைத் தட்டினாள்.

தோல் தனியாக, கண்ணாடித் தாள் போல, அவள் விரலில் வந்தது. சுளை அப்படியே நின்றது. மேலே ஒரு மறைப்பும் இல்லாமல், சொட்டுச் சொட்டான முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு முத்தும் உடையவில்லை. ஒரு சொட்டுச் சாறும் சிந்தவில்லை. வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் சிவப்பாக வந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.

தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வைக்கலாம். ஆனால் பாத்திரமே இல்லாமல் தண்ணீர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அதற்குமுன் அந்தத் தெருவில் எத்தனை பழம் அறுத்தார்கள், எத்தனை பழம் தின்றார்கள். ஒரு பழத்துக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. படைத்தவன் இதை இவ்வளவு தோலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறானே என்று தோன்றியது. வயிற்றில் கைவைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது.

செண்பகம் அந்தச் சுளையை உதிர்த்து எவர்சில்வர் தட்டில் பரப்பினாள். தானியம் அளவு முத்துகள். கல் உப்பை நுணுக்கி ஒரு சிட்டிகை தூவினாள். ஒரே ஒரு முத்தை எடுத்து என் நாக்கில் வைத்தாள்.

“கடிக்காதீங்க. அப்படியே வச்சிருங்க.”

வைத்திருந்தேன். குளிர்ந்திருந்தது. பிறகு நாக்கை மேலே அழுத்தினேன். அது வெடித்தது.

புளிப்பும் இனிப்பும் ஒன்றாக வந்தன. பின்னாலேயே ஒரு கசப்பு வந்தது. நேற்றைய கசப்பில்லை. மிரட்டாமல், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற கசப்பு. விழுங்கினேன்.

இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி பக்கத்தில்தான் இருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. அடுத்த வீட்டில் யாரோ குழம்பு தாளித்தார்கள், அந்த வாசம்கூட வந்தது. வயிறு ஒருமுறை அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை.

“இன்னொன்னு?” என்றாள்.

“ம்.”

இப்படி முத்து முத்தாக ஒரு சுளை முடிந்தது. இரண்டாவது சுளையை அவள் உரித்துக்கொண்டிருந்தபோது அத்தை அரிசிப் பையோடு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

“தங்குச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“செத்த நேரமாச்சும்மா. தங்கிருச்சு,” என்றாள் செண்பகம்.

அத்தை பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் வாய்க்குள் ஒவ்வொரு முத்தாகப் போவதைப் பார்த்தார். சாமி கும்பிடும்போது இருக்கும் முகம் அது. அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் வழிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பஸ்ஸுக்கே தெரிந்த சேதி

அன்று சாயந்திரம் பழத்துக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் தங்கியது. அந்த வாரக் கடைசியில் எடை மிஷினின் முள் இறங்கவில்லை. டாக்டரம்மா, “என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார். சொன்னதும், “உரிச்சுக் குடுக்குற அந்தப் பொண்ணு யாரு?” என்றார். செண்பகம் என் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டாள்.

பழம் தீரத் தீர அவர் மலையிலிருந்து கொண்டுவந்தார். சிறுமலை பஸ்ஸில் தினம் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. “கண்டக்டரே, வீட்டுல கக்கல் நின்னுச்சா?” என்று கேட்காமல் யாரும் சீட்டு வாங்குவதில்லையாம். குதிரையில் மூட்டை கொண்டுவருகிற ஒருவர், என் வீட்டுக்காரரின் லீவு நாளில் வேறு கண்டக்டரிடம் பழத்தைக் கொடுத்து, “மசக்கைக்காரம்மா வீட்டுக்கு,” என்று சொல்லி அனுப்பினார். முகம் தெரியாத அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

செண்பகம் தினமும் மதியம் பின்வாசலில் உட்காருவாள். முடிச்சு வேலை பின்தங்கியது. சின்னாளபட்டியிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார். “வீட்டுல ஒடம்பு சரியில்ல, அடுத்த வாரம் வாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உரிப்பதைத் தொடர்ந்தாள். காரமான தோல் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனது. தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். நான் பார்த்தால் கையை மடக்கிக்கொள்வாள்.

அந்த மதியங்களில்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். அவளுக்கு மலை மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அண்ணன் தினம் போகிற ஊரை அவள் பார்த்ததே இல்லை. என்னை அவளுக்குப் பிடிக்காது என்று நினைத்ததாகச் சொன்னேன்.

“ஐயோ, இல்ல மதினி. நீங்க வந்த அன்னைக்குப் பேசலாம்னுதான் பாத்தேன். என்ன பேசுறதுன்னு தெரியல. அப்படியே நாளாயிருச்சு.”

அவ்வளவுதான் காரணம். நான் என்னென்னவோ நினைத்திருந்தேன்.

மார்கழி பிறந்தபோது கஞ்சி தங்கியது. பிறகு ரசம் சோறு. பிறகு தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தோடு சோறு. ஒருநாள் நானே அடுப்படிக்குப் போய், கொதிக்கிற சோற்றின் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என்னைத் தொந்தரவு செய்யாமல் வெளியே போய்விட்டார்.

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் பெண் பிறந்தாள். சின்னதாக, சிவப்பாக, பெரிய சத்தத்தோடு. இன்று அவளுக்கே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல நினைத்தது அவள் பிறந்ததை அல்ல. அதற்குச் சில மாதம் முன்னால், தை மாதத்தில் நடந்த ஒன்றை.

கடைசிப் பழம்

மரத்தில் பழம் முடிந்துவிட்டது. உச்சிக் கிளையில் இருந்த கடைசி ஒன்றை மேனேஜர் பறித்துக் கொடுத்ததாகச் சொல்லி, என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். எனக்கு அப்போது எல்லாம் சாப்பிட முடிந்தது. அதனால் அன்று எல்லாரும் சாப்பிடுவது என்று முடிவானது.

செண்பகம்தான் உரித்தாள். அத்தை மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டு, “அட, நல்லாத்தான இருக்கு!” என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு சுளையை வாயில் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மலை ஏறி இறங்கியதற்கு இதுதான் கூலி என்றார். என் தட்டில் வழக்கம்போல் முத்து முத்தாக உதிர்த்து வைத்திருந்தாள். செண்பகம் எழுந்து கை கழுவப் போனாள்.

“நீ சாப்பிடலயா?” என்றேன்.

“இல்ல, நீங்க சாப்பிடுங்க.”

“ஒனக்குப் பிடிக்காதா?”

அவள் குழாயைத் திறந்தபடியே சொன்னாள். “தெரியல மதினி. நான் தின்னதில்ல.”

எனக்குப் புரியவில்லை. “இத்தன நாளு உரிச்சியே?”

“உரிச்சேன். தின்னதில்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணு தின்னா ஒங்களுக்கு ஒண்ணு கொறையும்ல,” என்றாள், ரொம்பச் சாதாரணமாக. ஏதோ, தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வது போல.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அத்தை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை எத்தனை பழத்தைப் பிரித்திருக்கும்! மதியத்துக்கு மதியம் அந்த வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து, விரலெல்லாம் சாறு வழிய, ஒருமுறையாவது அனிச்சையாக அந்த விரல் வாய்க்குப் போயிருக்காதா? போகவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அந்தப் பழத்தின் உள்ளே பார்த்தபோது எப்படி இருந்ததோ, அதைவிடப் பெரிதாக ஒன்றை அப்போது பார்த்தேன்.

தட்டில் உரிக்காத சுளை ஒன்று மிச்சம் இருந்தது.

“வந்து உக்காரு,” என்றேன்.

“வேணாம் மதினி...”

“உக்காரு சொல்றேன்.”

உட்கார்ந்தாள். நான் அந்தச் சுளையை எடுத்தேன். அவள் செய்ததையெல்லாம் பார்த்திருந்தேன், எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். உள் விளிம்பில் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே இறங்கிவிட்டது. சாறு பீய்ச்சி என் கன்னத்தில் அடித்தது. தோல் பாதியில் கிழிந்தது. முத்துகள் நசுங்கின. வெள்ளைத் தோல் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொண்டது.

கடைசியில் என் விரலில் மிஞ்சியது ஒரு சிதைந்த துண்டு. அதை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறந்தாள்.

மென்றாள். முகம் முதலில் சுருங்கியது. பிறகு புருவம் மேலே போனது. கண்கள் அகலமாகத் திறந்தன. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் அவள் அண்ணன்.

“கசக்குது மதினி,” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சொல்லிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.